பெயருக்கான கட்டம்

கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு பீரோவின் உள்லாக்கரில் ஒரு காகிதம் விறைத்துக் கிடக்கிறது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் கொள்ளும் அளவுதான். அப்பா அதை எப்போதோ லேமினேஷன் செய்து வைத்தார். ஓரத்தில் பிளாஸ்டிக் பிரிந்து, அதன் வழியே ஈரம் புகுந்து, ஒரு மூலையில் தேநீர்க் கறை போலப் பழுப்பு படர்ந்திருக்கிறது. மேலே அச்செழுத்தில் ‘பிறப்புச் சான்றிதழ்’. பிறந்த தேதி, பால், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த இடம், பதிவு எண் எல்லாம் நீல மையில், யாரோ ஒரு எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில். ‘பெயர்’ என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் ஒரு சிறு கோடு.

அது என் அக்காவின் சான்றிதழ். அவள் பிறந்தது 1991 ஆகஸ்டில். பள்ளியில் பெயர் இருந்தது, வாக்காளர் பட்டியலில் இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் தங்க எழுத்தில் இருந்தது. பிறந்ததைச் சொல்லும் அந்த ஒரு பதிவேட்டில் மட்டும் 31 வருடம் அவள் பெயரில்லாத ஒரு பெண் குழந்தையாகவே இருந்தாள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அக்கா பிறந்தது பல்லாவரத்தில், இப்போது இல்லாத ஒரு சின்ன நர்சிங் ஹோமில். அன்றைக்கு எங்கள் பக்கம் 200 அடி ரேடியல் சாலை கிடையாது. ஆட்டோக்காரர் ஏரிக்கரை ஓரமாகக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோனதை அம்மா இன்னமும் சொல்வாள். மூன்றாம் நாள் நர்சம்மா ஒரு படிவத்தோடு வந்து கேட்டாள். “பாப்பா பேரு?”

“இன்னும் வைக்கலைம்மா.”

“அப்போ கோடு போட்டுடறேன். அப்புறமா ஆபீஸ்ல போய்ச் சேத்துக்குங்க.”

பிறப்பு நடந்த சில நாட்களுக்குள், இப்போதைய கணக்கில் 21 நாளுக்குள், பதிவாக வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரியில் நடந்த பிறப்பைத் தெரிவிக்கும் கடமை ஆஸ்பத்திரிக்கு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969 இல் நிறைவேறி, 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நம் வீடுகளின் வழக்கம் தெரிந்திருக்கிறது. குழந்தைக்குப் பெயர் வைக்க பதினோராம் நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. பெரியப்பா வெளியூரிலிருந்து வர வேண்டும், ஜோசியர் எழுத்துச் சொல்ல வேண்டும், குலதெய்வத்தின் பெயரை ஒரு காதில் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடும் பெயரை வைக்க வேண்டும். அதனால் பெயரில்லாமலும் பதிவு செய்யலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்று 14-வது பிரிவு இடம் கொடுத்தது. ஒரு வருடத்துக்குள் வந்தால் கட்டணமில்லை, அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. பெருந்தன்மையான பிரிவு. ஆனால் அம்மாவுக்கு அதை யார் சொல்வது? பதிவின் நகல் ஒன்று வீட்டுக்கு இலவசமாக வந்தது. பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று அப்பா பார்த்தார். இருந்தது. மடித்து வைத்துவிட்டார்.

முதல் வேலை அக்காவை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது. தலைமை ஆசிரியர் தேதியை மட்டும் பார்த்தார், பெயரை அப்பா வாயால் சொன்னார். அன்றுதான் அந்தப் பெயர் முதன்முதலாக ஒரு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. அக்காவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆசிரியர் அதற்கு ‘எல்’ போட்டார். அதே பெயர் பல வருடம் கழித்துப் பாஸ்போர்ட்டில் ‘இசட்-எச்’ ஆயிற்று. இந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே நான் பின்னால் அலைந்த தூரம் கொஞ்சமல்ல.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். கீழ்க்கட்டளை என்று தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எங்கள் வீட்டுக் காகிதங்களில் மட்டும் நான்கு விதம்: ‘கே-ஐ-எல்’, ‘கே-இ-இ-எல்’, ‘கே-ஐ-இசட்-எச்’, ‘கே-இ-இ-இசட்-எச்’. பல்லாவரம் என்று வாயில் சொல்வது நகராட்சியின் முத்திரையில் பல்லவபுரம். மாவட்டத்தைக் கேட்டால் இன்னும் சிக்கல். அக்கா பிறந்தபோது ஒரு தலைவரின் பெயர் ஒட்டிய பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1997 இல் அது பிரிந்து நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டமானோம். 2019 நவம்பர் 29 அன்று மறுபடி செங்கல்பட்டு. பக்கத்தில் இருந்த பெருநகரமும் 1996 இல் மெட்ராஸ் என்ற பெயரை விட்டுச் சென்னை ஆனது. 2021 நவம்பர் 3 அன்று பல்லவபுரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. நாங்கள் வீடு மாறவே இல்லை. இருந்த இடத்திலேயே இரண்டு மாவட்டப் பெயர் தாண்டி ஒரு மாநகராட்சிக்குள் வந்து சேர்ந்தோம். உள்ளூரில் இது பேச்சோடு போய்விடும். வெளிநாட்டில் ஒரு அதிகாரி ஒரு காகிதத்தில் காஞ்சிபுரம் என்றும் இன்னொன்றில் செங்கல்பட்டு என்றும் பார்த்தால், இரண்டும் ஒரே ஊரா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அம்மாவின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், அக்காவின் காகிதம் எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போதுதான் விளங்கும். அம்மா பிறந்தது மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், 1963 வாக்கில். வாக்கில் என்றுதான் சொல்ல முடியும். மெட்ராஸ் மாகாணத்தில் 1899 இலேயே பிறப்பு இறப்பைப் பதியச் சட்டம் வந்துவிட்டது, கிராமத்து மணியக்காரரிடம் பதிவேடும் இருந்தது. ஆனால் யாராவது போய்ச் சொன்னால்தான் அவர் எழுதுவார். அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலும். பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை 1980 இல் ஒழித்து கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தபோது கைமாறிய நோட்டுகளிலும் அம்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டாள், ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். அந்தத் தேதிக்குத்தான் இன்றும் பேரப்பிள்ளைகள் கேக் வெட்டுகிறார்கள். அவள் பிறந்தது நல்ல மழையில் என்று பாட்டி சொல்வாள்.

அக்காவுக்கு 2021 இல் கல்யாணம். மறு வருடமே மாமாவுக்கு நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. பிலிப்ஸ் கம்பெனி வளர்த்த ஊர் அது. பக்கத்து ஊரில் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்கிறார்கள், நம் பிள்ளைகள் நிறைய பேர் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். மாமா முன்னே போனார். மனைவியைக் கூப்பிட என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பினார். பாஸ்போர்ட் சரி. திருமணப் பதிவுச் சான்றிதழுக்கும் கவலையில்லை, தமிழ்நாட்டில் 2009 சட்டத்துக்குப் பிறகு எல்லாத் திருமணமும் பதிவாக வேண்டும், செய்திருந்தோம். அடுத்து, அங்கே போய் இறங்கியதும் நகரசபையில் குடியிருப்போராகப் பதிந்துகொள்ள, பிறப்புச் சான்றிதழ். அப்போஸ்டில் முத்திரையோடு.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தோம். அக்கா காகிதத்தைக் கையில் எடுத்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் இதை இத்தனை நாள் சரியாப் பாத்ததே இல்லைடா” என்றாள்.

மறுநாள் அதை ஒரு ஏஜென்ட்டிடம் கொண்டுபோனேன். இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். லேமினேஷன் செய்த காகிதத்தில் முத்திரையும் குத்த முடியாது, ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது, எந்த ஆபீஸும் தொடாது என்றார். பிரித்தால் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். அப்பா அந்தக் காலத்தில் பத்தோ பதினைந்தோ கொடுத்து, மகளின் காகிதம் நனையக் கூடாது என்று செய்தது. நம் வீடுகளில் எவ்வளவு பாசத்தை இப்படி பிளாஸ்டிக்கில் அடைத்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். தயவுசெய்து பிறப்பு, திருமண, படிப்புச் சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள். கண்ணாடிக் கவரில் போட்டு வைத்தால் போதும்.

ஏஜென்ட் இன்னொன்றும் சொன்னார். “பேரில்லாம அனுப்பினா நிக்காது சார்.” வாசலில் நின்றிருந்த வேறொருவர் என் பின்னாலேயே வந்தார். எதற்கு இந்த அலைச்சல், பெயரோடு புதிதாக ஒன்று ‘அடித்து’த் தருகிறேன், ஆறாயிரம் என்றார். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். “அவ நெஜமாவே பொறந்தவடா. அவளுக்கு எதுக்குப் பொய்க் காகிதம்?” எனக்கு அதன்பின் வேறு யோசனை எழவில்லை. போலிக் காகிதம் பிடிபட்டால் விசா மறுப்போடு நிற்காது, அந்த மறுப்பு ஆள் போகும் இடமெல்லாம் கூடவே வரும். அதைவிட, உண்மையாக நடந்த ஒரு பிறப்பைப் பொய்யால் நிரூபிப்பது அந்தப் பிறப்பையே சந்தேகத்துக்கு ஆளாக்குவது.

பெயர் சேர்க்க 15 வருடம் என்ற கெடு எப்போதோ கடந்திருந்தது. நல்லவேளையாக, 2000 ஜனவரி 1-க்கு முன் பதிவான பிறப்புகளுக்குப் பெயர் சேர்க்க 2024 டிசம்பர் 31 வரை தமிழக அரசு சிறப்பு அவகாசம் கொடுத்திருந்தது. எங்களைப் போல எத்தனை வீடுகள் அதை நம்பி ஓடின என்பதை அந்த வரிசையில் நின்றபோதே பார்த்தேன். நரைத்த தலையோடு ஒருவர் தன் பெயரைச் சேர்க்க வந்திருந்தார், மகன் கனடாவுக்கு அழைக்கிறானாம்.

பழைய நகராட்சி அலுவலகம் இப்போது மாநகராட்சியின் மண்டல அலுவலகம். பலகை மாறியிருந்தாலும் பதிவேடுகள் அங்கேயே இருந்தன. பெயர் சேர்க்கப் பெற்றோர் இருவரின் உறுதிமொழி வேண்டும். அப்பா 2016 இல் போய்விட்டார். எனவே அவருடைய இறப்புச் சான்றிதழ். மகளின் பெயரைப் பதிய அப்பா இல்லை என்பதற்கும் அதே சட்டத்தின் கீழ் வந்த ஒரு காகிதம்தான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், முத்திரைத்தாளில் அம்மாவின் பிரமாணம். பள்ளிக் காகிதத்தில் ‘எல்’, பாஸ்போர்ட்டில் ‘இசட்-எச்’ என்பதால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் தனியாக ஒரு உறுதிமொழி. இனிஷியல் வேறு. பள்ளியில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்ற அப்பா, பாஸ்போர்ட்டில் முழுப் பெயராகக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போயிருந்தார்.

இந்தக் குடும்பப் பெயர் விவகாரம் தமிழர்களைப் படுத்துவது போல வேறு யாரைப் படுத்துகிறதோ தெரியவில்லை. சாதிப் பெயரை உதறிவிட்டு அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிற்பது என்ற முடிவை நம் முந்தைய தலைமுறை எடுத்தது. அது ஒரு பெரிய முடிவு, பெருமைப்பட வேண்டிய முடிவு. ஆனால் உலகத்தின் படிவங்களில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்று காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்ற மூன்றெழுத்துக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் டிக்கெட் ரத்தானது! அப்பா பெயரை விரித்து எழுதுவதானால் ஒரே மாதிரி விரித்து, எல்லாக் காகிதத்திலும் அதையே எழுதுவதுதான் ஒரே வழி. அதைப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும் முன்பே செய்துவிட வேண்டும்.

பெயரில்லாத அந்தப் பழைய காகிதம் பயனற்றது என்று நான் நினைத்திருந்தேன். அதன் அருமை அலுவலகத்தில்தான் தெரிந்தது. அதில் பதிவு எண் இருந்தது, பதிவு செய்த தேதி இருந்தது. எழுத்தர் அம்மா அதை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார். அந்த எண் இல்லாமல், மாதம் மாதமாகத் தேடி, கடைசியில் பதிவே கிடைக்கவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்று ஒரு சான்று கொடுப்பார்கள். அமெரிக்கக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்களில் பலர் அந்த இல்லைச் சான்றோடு, பிறந்ததை நேரில் அறிந்த பெரியவர்கள் இருவரின் பிரமாணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

நாற்பது நிமிடம் கழித்து எழுத்தர் அம்மா ஒரு பதிவேட்டை இரு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். தோல் முதுகு உரிந்து, நாடாவால் கட்டிய பெரிய நோட்டு. ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பினார். ஒரே பக்கத்தில் பெயர்க் கட்டம் காலியாக எத்தனையோ வரிகள். அன்றைக்குப் பல்லாவரம் சுற்றுவட்டாரத்தில் பிறந்த பிள்ளைகள். சிலருக்குப் பின்னால் வேறு மையில் பெயர் ஏறியிருந்தது. பல கட்டங்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தன. அக்காவின் வரியில் அப்பா பெயர், அம்மா பெயர், கீழ்க்கட்டளை விலாசம். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். தன் பெயரைத் தடவினாள்.

ஒரு வாரம் கழித்து உத்தரவானது. அதே வரியில், 1991-இன் வெளிறிய நீலத்துக்குப் பக்கத்தில், 2023-இன் கறுப்பு மையில் அக்காவின் பெயர் ஏறியது. ஓரத்தில் தேதியும் சிறு கையெழுத்தும். புதிய சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும், க்யூஆர் கட்டத்தோடு அச்சாகி வந்தது. அக்கா அதை வாங்கியதும் முதலில் எழுத்தெழுத்தாகப் படித்தாள், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ‘இசட்-எச்’ இருந்தது.

அங்கிருந்து காகிதம் எங்கள் கையை விட்டுப் போனது. முதலில் மாநில அரசின் சான்றொப்பம்: சான்றிதழில் கையெழுத்திட்டவர் உண்மையாகவே அந்தப் பதவியில் இருப்பவர்தான் என்று. அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில்: மாநில அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் உண்மையானவர்தான் என்று. அமைச்சகம் மக்களிடம் நேராக வாங்குவதில்லை, அதற்கென்று நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்குகிறது. அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், அதன்மேல் சேவைக் கட்டணம். இடையில் நிற்கும் ஏஜென்ட்கள் கேட்கும் ஆயிரங்கள் அலைச்சலுக்கான கூலி. நேரமிருந்தால் அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கலாம்.

அப்போஸ்டில் என்பது ஒரு சதுரம். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், தலைப்பு பிரெஞ்சில் இருக்க வேண்டும், உள்ளே எண்ணிட்ட பத்து விவரம். எந்த நாடு, யார் கையெழுத்து, என்ன பதவி, யாருடைய முத்திரை, எங்கே, எப்போது, யாரால், என்ன எண், முத்திரை, கையெழுத்து. 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் உடன்படிக்கை வகுத்த வடிவம் அது. அதற்கு முன்பெல்லாம் ஒரு காகிதம் எல்லை தாண்ட ஒவ்வொரு மேசையாக ஏறி, கடைசியில் போகும் நாட்டின் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டும். துபாய்க்கும் குவைத்துக்கும் நம் பிள்ளைகள் டிகிரி சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த ‘எம்பஸி அட்டெஸ்டேஷன்’ அந்தப் பழைய வழிதான். உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து 2005 ஜூலை 14 முதல் அது நமக்கு நடைமுறைக்கு வந்தது. கனடாவுக்கு 2024 ஜனவரி 11 முதல்தான்.

அந்தச் சதுரத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இந்தத் தேதியில் பிறந்தாள் என்று அது சொல்லவில்லை. இந்தக் கையெழுத்து இன்னாருடையது என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்குக் கீழே உள்ள முத்திரையும் தனக்குக் கீழே உள்ள கையெழுத்தைத்தான் காட்டுகிறது. ஒவ்வொருவராகக் கீழே கைகாட்டிக்கொண்டே போனால் மண்டல அலுவலகம், அந்த நோட்டு, அந்த நீல மை, அதற்கும் அடியில் நர்சிங் ஹோமின் படிவம், படிவத்துக்கு அடியில் “பாப்பா பேரு?” என்று கேட்ட நர்சம்மா, அவளுக்குப் பதில் சொன்ன அம்மா. பிறப்பை அறிந்தவர் அந்தச் சங்கிலியில் அம்மா ஒருத்திதான். தன் பிறந்த தேதி தெரியாத அவள் சொல்லின் மேல்தான் ஒரு மாநிலமும் ஒரு தேசமும் வரிசையாக முத்திரை குத்தியிருந்தன.

மே மாதம் அக்கா கிளம்பினாள். காகிதம் பெட்டியில் போகவில்லை, தோள்பையில் போனது. ஐந்தோவன் நகரசபையில் ஒரு பெண் அதிகாரி காகிதத்தைத் திருப்பி, பின்பக்கச் சதுரத்தில் எண்ணைச் சரிபார்த்து, பிறந்த ஊர்ப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டாராம். ஆங்கிலத்தில் இருந்ததால் மொழிபெயர்ப்பும் கேட்கவில்லை. வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. நாங்கள் நான்கு மாதம் அலைந்தது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். அன்று இரவு போனில் அக்கா அழுதாள்.

அவர்கள் மாடியில் எதிர்வீடு ஒரு நைஜீரியக் குடும்பம். அந்த அம்மாள் யொரூபாக்காரர், இபாதானில் வீட்டில் பிறந்தவர். அவருடைய காகிதத்தின் கதையைக் கேட்ட பிறகு அக்கா தன் அலைச்சலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நைஜீரியாவில் இப்போதுள்ள கட்டாயப் பிறப்புப் பதிவு 1992 இன் ஆணையிலிருந்து வருவது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு, குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கொடுக்கும் வயதுப் பிரமாணமும், தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் சான்றுமே பிறப்புக்கு ஆதாரம். இந்த அம்மாளுக்கு அவருடைய மாமா ஒருவர் சத்தியம் செய்தார். அப்போது அந்த நாடு ஹேக் உடன்படிக்கையில் இல்லாததால் அபுஜாவில் வெளியுறவு அமைச்சகம், பிறகு நெதர்லாந்துத் தூதரகம் என்று பழைய வழியில் ஒவ்வொரு மேசையாகப் போனது அது. ஒரு எழுத்து மாறியிருந்ததால் ஒருமுறை முதலிலிருந்து. “எங்க அம்மா உயிரோட இருந்தா ஒரு வார்த்தையில சொல்லியிருப்பாங்க” என்றாராம்.

2024 அக்டோபரில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பெண். அந்த ஊர்ச் சட்டப்படி பிறந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று நாளுக்குள் நகரசபையில் பதிய வேண்டும். பெயரோடு. பெயர் சொல்லாவிட்டால் பதிவாளரே ஒரு பெயரை வைத்துப் பதிந்துவிடுவார், கோடு போட்டுக் காத்திருக்கும் பேச்சே இல்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் முதலிலேயே எச்சரித்திருந்தார். யொரூபாக்களுக்கு எட்டாம் நாள்தான் பெயர் சூட்டு விழா. தன் மூத்தவனுக்கு மூன்றாம் நாளே பெயர் வேண்டும் என்றபோது இபாதானில் இருந்த பெரியவர்களைப் போனில் எழுப்பியதாகச் சொன்னாராம்.

இரண்டாம் நாள் ராத்திரி எங்கள் வீட்டில் போன் அடித்தது. பதினாறாம் நாளுக்கு முன்னால் பெயரா என்று அம்மா முதலில் தயங்கினாள். பிறகு பூஜை அலமாரி முன்னால் போய் நின்றுவிட்டு வந்து போனை வாங்கினாள். அவள் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கிறது. சொன்னாள். அதிலும் ஒரு ழகரம்.

“அய்யோ, வேணாம்டி. அந்த ஊர்க்காரங்க எப்படி எழுதுவாங்க? வேற சொல்றேன்.”

“இல்லம்மா. இதுவே இருக்கட்டும். இசட்-எச்னு நானே எழுதிக் குடுக்கறேன்.”

மாமா மறுநாள் காலையில் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். குழந்தை இந்தியக் குடியுரிமை பெற ஒரு வருடத்துக்குள் ஹேக்கில் உள்ள நம் தூதரகத்திலும் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழை எப்போதாவது இங்கே ஒரு ஆபீஸில் காட்ட வேண்டி வந்தால், அந்த நாட்டில் அப்போஸ்டில் தருவது மாவட்ட நீதிமன்றம். அதே சதுரம், அதே பத்து விவரம், எதிர்த் திசையில்.

அக்கா சான்றிதழின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள். அம்மாவுக்கு அதைக் காகிதத்தில் பார்க்க வேண்டும். கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு நானும் அவளும் போனோம். மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள், சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. கலரில் ஒரு பிரதி எடுத்தோம். டச்சு மொழி, ஒரு வார்த்தை புரியவில்லை. அம்மா விரலை வைத்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள். பேத்தியின் பெயர். இன்னும் கொஞ்சம் கீழே, தாயின் பெயருக்குப் பக்கத்தில், தாய் பிறந்த ஊர்.

கடைப் பையன் பிரதியை வாங்கி ஓரம் பார்த்தான். “லேமினேஷன் போட்டுடலாமா ஆன்ட்டி?”

“வேண்டாம்ப்பா” என்றாள் அம்மா. “கவர் ஒண்ணு குடு.”